ஆறு வருட முதுகுவலி எப்போது 'க்ரானிக்' ஆகும்? நாட்பட்ட வலிக்கான மெடிக்கல் கோடிங், புதியவர்களுக்காக

சென்னையில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். திரையில் ஒரு சார்ட், அதாவது ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பு, திறந்திருந்தது. அமெரிக்காவில் ஒரு கிளினிக்குக்கு வந்த நோயாளி. "கீழ்முதுகு வலி, ஆறு வருடமாக" என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆறு வருடமாக வலித்தால் அது நாட்பட்ட வலியாக, அதாவது க்ரானிக் வலியாகத்தானே இருக்கும் என்று, அதற்கான ஜி89.29 குறியீட்டைப் போட்டேன். நம் வேலையைச் சரிபார்க்கும் ஆடிட்டில் பிழை என்று திரும்பி வந்தது. ஆடிட்டரிடம் போய்க் கேட்டேன்.

"சார், ஆறு வருஷம்னு எழுதியிருக்காரே?"

"வருஷம் எழுதியிருக்கார்மா. க்ரானிக்னு எழுதியிருக்காரா?"

எழுதவில்லை. குறிப்பு முழுக்கத் தேடியும் அந்தச் சொல் கிடைக்கவில்லை. அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பல வருடங்கள் ஓடிவிட்டன. இன்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லித்தருவது அந்தக் கேள்வியைத்தான். நாட்பட்ட வலியின் கோடிங்கைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

மெடிக்கல் கோடிங் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, அந்த டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடுகளாக மாற்ற வேண்டும். அந்தக் குறியீடுகளோடுதான் இன்சூரன்ஸுக்குக் கிளைம் போகும். நோய்க்கு ஐசிடி-10-சிஎம் என்ற தொகுப்பு; 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது; 70,000க்கும் மேற்பட்ட குறியீடுகள் கொண்டது. டாக்டர் செய்த வேலைக்கு சிபிடி என்ற இன்னொரு தொகுப்பு. இந்த வேலையில் ஒரு பங்கு சென்னை, கோயம்புத்தூர், திருச்சி அலுவலகங்களில் நடக்கிறது. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, உயிரியல் படித்த நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இதில் இருக்கிறார்கள். அதனால் அங்கே ஒருவருக்கு வலிக்கும் முதுகைப் பற்றி இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டும். சர்க்கரை ஏறினால் ரத்தப் பரிசோதனை சொல்லும். வலியை எந்தக் கருவியும் அளந்து தருவதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நோயாளி சொன்னதும், அதை டாக்டர் எழுதி வைத்ததும், அவ்வளவுதான் சாட்சி. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையக் கணக்குப்படி 2021இல் அங்கே பெரியவர்களில் 20.9 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 5 கோடியே 16 லட்சம் பேருக்கு, நாட்பட்ட வலி இருந்தது. ஐந்தில் ஒருவர்! நீங்கள் எந்தப் பிரிவில் கோடிங் செய்தாலும் இந்த வலி உங்கள் மேசைக்கு வந்தே தீரும்.

வலிக்கென்று ஒரு வீடு

நீண்ட காலம் வலிக்குத் தனி இடமே இல்லை. முதுகுவலி, முழங்கால்வலி என்று இடத்தைச் சொல்லலாம். அது பழகிப்போன, நாட்பட்ட வலி என்பதைக் குறியீட்டால் சொல்ல வழியில்லை. பழைய ஐசிடி-9 காலத்தில், 2006 அக்டோபர் 1 அன்றுதான் 338 என்ற பிரிவு வந்தது. அதுவே ஐசிடி-10-சிஎம்மில் ஜி89 ஆனது. 'ஜி' என்பது நரம்பு மண்டல நோய்களின் அத்தியாயம். வலியை அங்கே வைத்ததிலேயே ஒரு செய்தி இருப்பதாக எனக்குத் தோன்றும்: வெறும் அறிகுறியாக இல்லாமல், சில நேரம் வலியே ஒரு பிரச்சினை.

ஜி89க்குள் இருப்பவற்றை ஒருமுறை மனதில் ஓடவிடுங்கள். மூளை, தண்டுவடத்தின் பாதிப்பால் வரும் மைய வலி நோய்க்குறித்தொகுப்பு ஜி89.0. புதிதாக வந்த கடும் வலி, அதாவது அக்யூட் வலி, ஜி89.1 குடும்பம். நாட்பட்ட வலி ஜி89.2 குடும்பம்: அடிபட்டதால் வந்தது என்றால் ஜி89.21, நெஞ்சுக்கூட்டைத் திறந்து செய்த அறுவைக்குப் பின் நீடிப்பது ஜி89.22, மற்ற அறுவைகளுக்குப் பின் நீடிப்பது ஜி89.28, மீதி எல்லாம் ஜி89.29. புற்றுநோய் சார்ந்த வலி ஜி89.3, அதில் அக்யூட், க்ரானிக் என்ற பிரிவினையே கிடையாது. கடைசியாக ஜி89.4, நாட்பட்ட வலி நோய்க்குறித்தொகுப்பு, க்ரானிக் பெயின் சிண்ட்ரோம்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். எத்தனை மாதம் வலித்தால் நாட்பட்ட வலி?

மூன்று மாதம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதற்கு ஆதாரமும் உண்டு. நோய்த்தடுப்பு மையம் ஓபியாய்டுகளுக்காக (அபின் வகை வலிநிவாரணிகள்) 2022இல் வெளியிட்ட வழிகாட்டி அப்படித்தான் பிரிக்கிறது: ஒரு மாதத்துக்குள் இருந்தால் அக்யூட், ஒன்று முதல் மூன்று மாதம் இடைப்பட்டது, மூன்றைத் தாண்டினால் நாட்பட்டது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் 2023 ஜனவரி 1 முதல் வலி மேலாண்மைக்கு ஜி3002 என்ற மாதாந்திரக் கட்டணக் குறியீட்டைக் கொண்டுவந்தபோது அதே மூன்று மாதத்தைத்தான் எல்லையாக வைத்தது. ஆனால் நாம் நோய்க்குறியீடு போடக் கையில் வைத்திருக்கும் ஐசிடி-10-சிஎம் அதிகாரபூர்வ வழிகாட்டி வேறு மாதிரி பேசுகிறது. வலி எப்போது நாட்பட்டதாகிறது என்பதற்குக் கால வரையறை எதுவும் இல்லை, டாக்டர் எழுதியதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது.

அதாவது, டாக்டர் க்ரானிக் என்று எழுதினால் அது க்ரானிக். எழுதாவிட்டால், ஆறு வருடமானாலும் பதினாறு வருடமானாலும், அதை முடிவு செய்யும் உரிமை நமக்குக் கிடையாது. ஆரம்பத்தில் இது அநியாயமாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் டாக்டர். ஆறு வருடமாக வலி வந்து வந்து போகிறதா, இப்போது வந்திருப்பது புதிய அடியால் வந்த வேறு வலியா என்று அவருக்குத்தான் தெரியும். நாம் ஊகித்தால், ஒரு மனிதரின் மருத்துவ வரலாற்றில் நம் ஊகம் நிரந்தரமாக ஏறிவிடும்.

வழிகாட்டி இன்னொன்றும் சொல்கிறது. அக்யூட், க்ரானிக், அறுவைக்குப் பிந்தையது, புற்றுநோய் சார்ந்தது என்று எதுவுமே குறிப்பிடப்படாத வலிக்கு ஜி89 பக்கமே போகக் கூடாது. என் அந்தச் சார்ட்டுக்கு, இன்றைய குறியீட்டில், சரியான விடை, வலி இருக்கும் இடத்தைச் சொல்லும் எம்54.50 மட்டும்தான்.

அந்த எம்54.50 பற்றியும் ஒரு வார்த்தை. நான் படித்த காலத்தில் அது எம்54.5 என்று குட்டையாக இருந்தது; கோடர்களுக்கு மனப்பாடமான குறியீடு. 2021 அக்டோபர் 1 அன்று அதை மூன்றாகப் பிரித்தார்கள்: வகை சொல்லப்படாதது எம்54.50, முதுகெலும்பு முள்ளெலும்பின் தகட்டிலிருந்து கிளம்புவது எம்54.51, மற்றது எம்54.59. பழைய பழக்கத்தில் எம்54.5 போட்டவர்களின் கிளைம்கள் திரும்பி வந்தன. ஒவ்வொரு அக்டோபரிலும் இப்படி ஏதாவது மாறும். 2024 அக்டோபரில் இடுப்புப் பகுதி டிஸ்க் தேய்மானத்துக்கான எம்51.36 பிரிந்து, முதுகு மட்டும் வலிக்கிறதா, கால் மட்டுமா, இரண்டுமா என்று கேட்க ஆரம்பித்தது. போன வருடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

காரணம் தெரிந்துவிட்டால்?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வலிக்குக் காரணமான நோய் உறுதியாகத் தெரிந்துவிட்டால், பொதுவாக நோய்க்குத்தான் குறியீடு. வலிக்குத் தனியாக வேண்டாம். முழங்கால் தேய்மானம் என்றால் வலி அதோடு சேர்ந்தே வரும். வலது முழங்காலில் முதன்மைத் தேய்மானம் எம்17.11. அதற்கு மேல் வலது முழங்கால் வலி எம்25.561 என்று தனியாகப் போடத் தேவையில்லை. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று தனியாகச் சொல்வதில்லையே, அப்படி.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நோயாளி அன்று எதற்காக வந்தார்? நோயைச் சரிசெய்யவா, வலியை அடக்கவா?

முதுகுத்தண்டுக் குழாய் சுருங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். தண்டெலும்பை இணைக்கும் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் சேர்கிறார். அன்று சிகிச்சை சுருக்கத்துக்கு. எனவே எம்48.061 மாதிரியான நோய்க்குறியீடு முதலில்; ஜி89 வேண்டாம். அதே ஆள், அறுவைக்கு நான்கு மாதம் முன்னால், வலி தாங்க முடியாமல் தண்டுவடத்தைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வலி கிளினிக்குக்குப் போயிருந்தார். நாட்பட்ட வலி என்று டாக்டரும் எழுதியிருந்தார். அன்று வந்தது வலியை அடக்க. அங்கே ஜி89.29 முதலில் வரலாம், சுருக்கம் இரண்டாவதாக. ஒரே மனிதர், ஒரே முதுகு, ஒரே வலி. வந்த நோக்கம் மாறியதால் வரிசை மாறுகிறது.

காரணம் இன்னும் தெரியாத நிலையில், வலி மேலாண்மைக்காக இல்லாமல் சாதாரணமாக டாக்டரைப் பார்க்க வந்தால் இடத்தின் குறியீடு முதலில், ஜி89 பின்னால். வலி மேலாண்மைக்கென்றே வந்தால் ஜி89 முதலில், இடம் பின்னால். வழிகாட்டியிலேயே ஒரு உதாரணம் உண்டு: அடிபட்டதால் வந்த அக்யூட் கழுத்துவலிக்கு வலி மேலாண்மை என்றால் ஜி89.11, அடுத்து எம்54.2. இந்த உதாரணத்தை நெட்டுருப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தேர்விலும் உதவும்.

புற்றுநோய் வலிக்கு நான் எப்போதும் தனியாக நேரம் ஒதுக்குவேன். எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ள ஒருவர் வலியைக் கட்டுப்படுத்துவதற்காகவே சேர்க்கப்பட்டால் ஜி89.3 முதலில் வரும், எலும்புப் பரவலுக்கான சி79.51 அடுத்து. புற்றுநோயை எப்போதும் முதலில்தான் போட வேண்டும் என்ற எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது. நோயைக் குணப்படுத்த முடியாத கட்டத்தில், வலியில்லாமல் ஒரு இரவு தூங்க வைப்பதே அன்றைய சிகிச்சையாக இருக்கும். அந்தச் சிகிச்சையை முதல் வரியில் வைக்க இந்த விதி இடம் கொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

அப்புறம், தேவையில்லாத சந்தேகத்தைக் குறியீடாக்காதீர்கள். வெளிநோயாளி சார்ட்டில் "நரம்பு அழுத்தமாக இருக்கலாம்", "ஃபைப்ரோமயால்ஜியா சந்தேகம்" என்று எழுதியிருந்தால் அந்த நோயைப் போட முடியாது. உறுதியாகத் தெரிந்த அறிகுறியை மட்டும்தான் போடலாம். உறுதி செய்யப்பட்ட ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு, அதாவது உடல் முழுக்கப் பரவிய நாட்பட்ட வலி நோய்க்கு, எம்79.7 என்று தனி இடம் இருக்கிறது. ஐசிடி-9இல் அது பொதுவான தசைவலியோடு ஒரே குறியீட்டுக்குள் கலந்து கிடந்தது.

ஒட்டிக்கொள்ளும் முத்திரைகள்

சில குறியீடுகள் தப்பாகப் போனால் கிளைம் மட்டும் திரும்பி வரும், திருத்தி அனுப்பலாம். சில தப்பாகப் போனால் ஒரு மனிதரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். நாட்பட்ட வலியில் இரண்டாவது வகை மூன்று இருக்கிறது.

ஒன்று, ஜி89.4. நாட்பட்ட வலியும் நாட்பட்ட வலி நோய்க்குறித்தொகுப்பும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்லும்போது டாக்டர்கள் பெரும்பாலும் நினைப்பது, வலி ஒருவரின் தூக்கம், மனநிலை, வேலை, குடும்ப வாழ்க்கை எல்லாவற்றையும் பிடித்து ஆட்டும் நிலையை. அந்தப் பெயரையே டாக்டர் எழுதியிருந்தால் மட்டும்தான் போட வேண்டும் என்று வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. நாட்பட்ட வலியும் மனச்சோர்வும் ஒரே சார்ட்டில் இருக்கிறது என்பதற்காக நாமே கூட்டிப் பார்த்து ஜி89.4 ஆக்கக் கூடாது.

இரண்டு, எஃப்45.41 மற்றும் எஃப்45.42. முதலாவது, வலி முழுக்க மனக் காரணங்களால் என்று சொல்வது. இரண்டாவது, உடல் வலி இருக்கிறது, அதோடு மனக் காரணங்களும் சேர்ந்திருக்கின்றன என்பது. இதோடு ஜி89 குறியீட்டையும் சேர்த்துப் போடச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். ஆனால் ஒருவரிடம் "உங்கள் வலி எல்லாம் மனசில்தான்" என்பதும், "உங்களுக்கு வலிக்கிறது, அது மனசையும் அரிக்கிறது" என்பதும் ஒன்றா? வருடக்கணக்காக யாரும் நம்பாமல் அலைந்த ஒருவருக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று யோசித்துவிட்டு விரலை வையுங்கள்.

மூன்று, ஓபியாய்டு. இதைத்தான் நான் வகுப்பில் மூன்று நாள் திரும்பத் திரும்பப் பேசுவேன். டாக்டர் எழுதித் தந்த மருந்தை, சொன்ன அளவில், நீண்ட நாளாக எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இசட்79.891: ஓபியாய்டு வலிநிவாரணியின் நீண்டகாலப் பயன்பாடு. எஃப்11.20 என்பது ஓபியாய்டு சார்புநிலை. நீண்ட நாள் இந்த மருந்தை எடுத்தால் உடல் அதற்குப் பழகும், திடீரென்று நிறுத்தினால் உதறும், வியர்க்கும். அது மருந்தின் இயல்பு. அதை வைத்து மட்டும் ஒருவரைப் போதைக்கு அடிமை என்று முத்திரை குத்த முடியாது. டாக்டர் ஆராய்ந்து எழுத வேண்டிய நோய் அது. சார்ட்டில் "ஆக்சிகோடோன், மூன்று வருடமாக, பரிந்துரைப்படி எடுக்கிறார்" என்று மட்டும் இருந்தால் எஃப்11க்கு அங்கே வேலையில்லை. தவறாக ஏறிய ஒரு எஃப்11.20, அடுத்த டாக்டர், அடுத்த மருந்துக்கடை, அடுத்த இன்சூரன்ஸ் என்று அந்த மனிதரோடு கூடவே போகும். அவருக்கு எதற்காக எல்லோரும் சந்தேகப் பார்வை பார்க்கிறார்கள் என்றே தெரியாது.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்?

கோடிங் பாதி என்றால், டாக்குமெண்டேஷன் மறுபாதி. இல்லை, பாதிக்கும் மேல்.

நம் மொழியில் வலிக்கு எத்தனை சொல் என்று எண்ணிப் பாருங்கள். குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது, எரிகிறது, இழுக்கிறது, மரத்துப்போகிறது, விண் விண்ணென்று தெறிக்கிறது, சுளீரென்று வெட்டுகிறது. நம் பாட்டிமார் டாக்டரிடம் இதையெல்லாம் அபிநயத்தோடு சொல்வார்கள். இந்த வித்தியாசங்களுக்கு மருத்துவத்தில் மதிப்பு உண்டு. எரிவதும் சுளீரென்று காலில் இறங்குவதும் நரம்பைச் சந்தேகிக்க வைக்கும். கடுப்பும் உளைச்சலும் பெரும்பாலும் தசை, மூட்டுப் பக்கம் கைகாட்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் "முதுகுவலி, மருந்தைத் தொடரவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், அத்தனை பேச்சும் காற்றோடு போயிற்று.

கிளைம் மறுக்கப்படாமல் இருக்க உதவும் குறிப்பில் இவை இருக்கும்: எந்த இடம், வலதா இடதா, எப்போதிலிருந்து, அக்யூட்டா க்ரானிக்கா, என்ன காரணம் அல்லது காரணம் இன்னும் தெரியவில்லை என்ற ஒப்புதல், பத்துக்கு எத்தனை, என்ன வேலை செய்ய முடியவில்லை, இதுவரை என்னென்ன செய்து பார்த்தார்கள், அதில் எவ்வளவு குறைந்தது, எத்தனை நாள் குறைந்தது. "வலி 7/10" என்பதைவிட "வலி 7/10, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை, சமையலைப் பாதியில் விட்டு உட்கார வேண்டியிருக்கிறது" என்பது பல மடங்கு வலுவானது. வலியின் அளவு, வாழ்க்கையை ரசிப்பதில் அதன் குறுக்கீடு, அன்றாட வேலைகளில் அதன் குறுக்கீடு என்று மூன்றே கேள்வி கேட்கும் பெக் என்ற அளவுகோலைப் பல கிளினிக்குகள் பயன்படுத்துவதும் இதனால்தான்.

இந்த விவரங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊசிகளே உதாரணம். மெடிகேர் விதிகளில், முதுகெலும்பின் சிறு மூட்டுகளுக்குப் போகும் நரம்பை ரேடியோ அலைச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சைக்கு முன்னால், சோதனை ஊசி இரண்டு முறை போட்டு, ஒவ்வொரு முறையும் குறைந்தது 80 சதவீதம் வலி குறைந்ததாகப் பதிவு இருக்க வேண்டும். தண்டுவடத்தைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசியை மறுபடி போட, முந்தைய ஊசியால் குறைந்தது 50 சதவீத முன்னேற்றம் மூன்று மாதமாவது நீடித்தது என்ற பதிவு தேவை. பன்னிரண்டு மாதத்தில் ஒரு பகுதிக்கு நான்கு அமர்வுகள்தான். நோயாளிக்கு உண்மையிலேயே நன்றாகக் குறைந்திருக்கலாம். "ஊசிக்குப் பின் பரவாயில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தப் "பரவாயில்லை" 80ஆ 50ஆ என்று யாருக்குத் தெரியும்? கிளைம் மறுக்கப்படும். அடுத்த ஊசி தள்ளிப்போகும். வலி காத்திருக்காது.

போன முறை எழுதியதை அப்படியே நகல் எடுத்து ஒட்டுவது இன்னொரு தொல்லை. எட்டு விசிட்டிலும் "வலி 8/10, மாற்றமில்லை" என்று ஒரே வாக்கியம் இருந்தால், சிகிச்சை பலிக்கவில்லையா, அல்லது யாரும் புதிதாகக் கேட்கவே இல்லையா என்று படிப்பவர் சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகத்தின் விலையைக் கொடுப்பது நோயாளி.

குறிப்பு தெளிவாக இல்லாதபோது நாம் செய்யக்கூடியது, டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்புவது. இதைத்தான் குவெரி என்கிறோம். இதற்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு: பதிலை வாயில் ஊட்டக் கூடாது. "நோயாளிக்கு ஆறு வருடமாக வலி. க்ரானிக் என்று சேர்க்கவும்" என்பது தப்பான குவெரி. சார்ட்டில் உள்ள உண்மைகளை எடுத்து வைத்து, "இந்த வலியின் தன்மையைத் தெளிவுபடுத்த முடியுமா: அக்யூட், க்ரானிக், வேறு, தீர்மானிக்க இயலவில்லை" என்று எல்லாக் கதவையும் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். இந்தப் பதிலால் பணம் கூடும், குறையும் என்ற பேச்சே அதில் வரக் கூடாது.

ஐசிடி-11இல் நிலைமை மாறியிருக்கிறது. 2019 மேயில் உலக சுகாதாரப் பேரவை ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தொகுப்பு அது. அங்கே நாட்பட்ட வலிக்கு எம்ஜி30 என்று ஒரு முழுக் குடும்பமே உண்டு; மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலி என்று காலத்தையும் சொல்லிவிட்டார்கள். அதில் முதல் உறுப்பினர், எம்ஜி30.0, நாட்பட்ட முதன்மை வலி: வேறு நோயின் நிழலாக இல்லாமல் வலி தானே நோயாக இருக்கும் நிலை. அமெரிக்கக் கோடிங் இன்னும் அதற்கு மாறவில்லை. ஆகவே நம் அன்றாட வேலையில் ஜி89தான்.

இப்போது ஒரு சார்ட்டைச் சேர்ந்து பார்ப்போம். பயிற்சிக்காக நானே எழுதியது.

58 வயதுப் பெண். வலி கிளினிக்குக்கு வலி மேலாண்மைக்காக வந்திருக்கிறார். இரண்டு வருடம் முன் வலது முழங்காலில் ஆர்த்ராஸ்கோப்பி (மூட்டுக்குள் சிறு கேமரா விட்டுச் செய்யும் அறுவை). அதன் பின் அந்த முழங்காலில் வலி, 7/10, எரிச்சலாக. படி ஏற முடிவதில்லை. மாடியில் இருக்கும் படுக்கையறைக்குப் போகாமல் ஹாலில் சோபாவில் தூங்குகிறார். நீண்டகாலமாக ஆக்சிகோடோன், பதினெட்டு மாதம், பரிந்துரைப்படி. டாக்டரின் முடிவு: "ஆர்த்ராஸ்கோப்பிக்குப் பின் வலது முழங்கால் வலி."

எரிச்சல், இரண்டு வருடம், அறுவைக்குப் பின். கை தானாக ஜி89.28க்குப் போகும். நிறுத்துங்கள். "பின்" என்றால் அதன் பிறகு என்று மட்டும்தான் பொருள். அதனால் என்று ஆகாது. அறுவைக்குப் பின் வருவது எல்லாம் அறுவையால் வந்ததல்ல, தொடர்பை டாக்டர் சொல்ல வேண்டும் என்பது விதி. க்ரானிக் என்ற சொல்லும் இல்லை. அறுவைக்குப் பிந்தைய வலி என்று மட்டும் எழுதி அக்யூட்டா க்ரானிக்கா சொல்லாவிட்டால் குறியீடு அக்யூட் பக்கம், ஜி89.18க்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு வருட வலி அக்யூட் என்று கிளைமில் ஏறினால் எப்படி இருக்கும்? எழுதியிருப்பதை மட்டும் வைத்தால் எம்25.561, இசட்79.891. அவ்வளவுதான்.

ஆகவே குவெரி: ஆர்த்ராஸ்கோப்பி நடந்த காலம், வலியின் தன்மை, அளவு, தற்போதைய மருந்து ஆகியவற்றை எடுத்து எழுதி, வலியின் கால வகையையும் காரணத்தையும் தெளிவுபடுத்துமாறு கேட்கிறோம், வேறு, தீர்மானிக்க இயலவில்லை என்ற வாய்ப்புகளையும் வைக்கிறோம். டாக்டர் குறிப்பில் ஒரு வரி சேர்க்கிறார்: "ஆர்த்ராஸ்கோப்பியால் ஏற்பட்ட நாட்பட்ட வலி."

ஜி89.28, எம்25.561, இசட்79.891.